பேட்டரிக்கு வைத்த சந்தனம்

முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹைட்ரஜன் வாயுவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று என் மாணவர்களில் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பான்: எரியும் குச்சியை அருகில் கொண்டுசென்றால் 'பாப்' என்ற ஒலியுடன் எரியும். இந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன், எத்தனை பையன்களை இதற்காக பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் ஒருவனாகவே இரண்டையும் கெடுத்தவன்.

ஆனால் இது அம்சாவின் கதை. என் பங்கு இதில் முட்டாளின் பங்கு.

அம்சாவுக்கு வீடு செவிலிமேட்டில், பாலாற்றுப் பக்கம் இருக்கும் காலனியில். அவளுடைய மாமனார் காலம் வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். புருஷன் காசிநாதன்தான் முதலில் கழனியை விட்டு வந்து, லாரி பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். தொண்ணூற்றேழாம் வருஷம் ஒரு சாயங்காலம் கடையில் கரண்ட் போயிற்று. சார்ஜில் கிடந்த பேட்டரியில் தண்ணீர் அளவு பார்க்க வேண்டும். காசிநாதன் மூடியைத் திருகி எடுத்து, தீக்குச்சியைக் கிழித்து, உள்ளே எட்டிப் பார்த்தான். அவ்வளவுதான் அவன் பார்த்தது. வெடித்துத் தெறித்த ஆசிட் இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது.

சோறு கொண்டுவரும் தூக்குவாளியோடு அந்தக் கடைக்கு வந்துபோய்க்கொண்டிருந்த அம்சா, ஒரு மாதம் கழித்து வாளி இல்லாமல் வந்தாள். கடைக்காரர் சிரித்தாராம். பொம்பளை என்ன பேட்டரி தூக்கப்போகிறாள் என்று கேட்டாராம். அவள் தூக்கினாள். காசிநாதன் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வாயால் சொல்ல, அவள் கையால் செய்தாள். பேட்டரிக்குள் குமிழி விடும் சத்தத்தை வைத்தே எந்த அறை நன்றாக இருக்கிறது, எது செத்துவிட்டது என்று அவன் சொல்வான். "அவரு காது, என் கை சார். ரெண்டும் சேந்தாத்தான் ஒரு மெக்கானிக்கு" என்பாள். பிற்பாடு ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனம் பெண்களுக்கு சோலார் விளக்குப் பயிற்சி நடத்தியபோது, மூன்று மாதம் பஸ் ஏறிப் போய்க் கற்றுக்கொண்டாள். பிள்ளையார்பாளையத்தில் எத்தனையோ தறிகளுக்கு மேல் அவள் மாட்டிய விளக்கு எரிகிறது. இருட்டில் பாவு இழை அறுந்தால் முடிச்சுப் போட முடியாதே.

இரண்டாயிரத்து எட்டில் கரண்ட் போவதற்கு நேரங்காலம் இல்லாமல் போயிற்று. நேற்று வரை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தவன் இன்று இன்வெர்ட்டர் கடை வைத்தான். விற்க ஊர் முழுக்க ஆள் இருந்தது. விற்றபின் வந்து எட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை, அதற்கு எல்லோரும் அம்சாவைக் கூப்பிட்டார்கள். எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களைப்போல வெறும் இன்வெர்ட்டர் வைக்க மனசு வரவில்லை. விஞ்ஞானம் படித்தவன் இல்லையா? மொட்டை மாடியில் சோலார் பேனல்கள் வைத்தேன். சின்னக் காஞ்சிபுரத்தில் எங்கள் வீதியிலேயே முதல் சோலார் வீடு என்னுடையது. வருகிறவர், போகிறவரையெல்லாம் மாடிக்கு இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். வெயிலும் கரண்டும் சேர்ந்து நிரப்பும் இரண்டு பெரிய பேட்டரிகளைக் கூடத்தில் வைத்தோம். எல்லாவற்றையும் பூட்டிக் கொடுத்தவள் அம்சா.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் தாண்ட முடியாது. அம்சா எங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சந்துக் கதவு வழியாகத்தான் வருவாள். அப்படி வா என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது, தெரிந்திருப்பது எங்களுக்கும் சௌகரியமாக இருந்தது.

கூடத்தில் கறுப்பாக இரண்டு பெட்டிகள் கிடப்பது என் மனைவி அம்ருதவல்லிக்குப் பிடிக்கவில்லை. தச்சரைக் கூப்பிட்டுக் கதவு வைத்த மர அலமாரி செய்து, பேட்டரிகளை அதற்குள் வைத்தேன். அதைப் பார்த்ததும் அம்சாவுக்கு முகம் மாறியது.

"கதவு வோணாம் சார். தொறந்தே இருக்கட்டும். அதுக்குக் காத்து வோணும்."

"எனக்குத் தெரியாதா? நான் கெமிஸ்ட்ரி வாத்தியார்" என்றேன்.

அவள் அலமாரிக் கதவை விரியத் திறந்துவைத்துவிட்டுப் போனாள். அவள் தலை மறைந்ததும் நான் சாத்தினேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மகள் வயிற்றுப் பேத்தி லக்ஷணா காலாண்டு விடுமுறையில் எங்களோடு இருந்தாள். எட்டு வயசு. முதல் நாள் சாயங்காலம் அவளை உதவிக்கு வைத்துக்கொண்டு ஸ்க்ரூ டிரைவர், தராசு, என் பழைய பள்ளிக்கூடத்துச் சோதனைக் குழாய்கள் எல்லாவற்றையும் துடைத்தேன். கடைசியில் பேட்டரிகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஆறு மூடிகள், ஆக மொத்தம் பன்னிரண்டு. பன்னிரண்டு என்றதும் எனக்குச் சும்மா இருக்க முடியுமா? தினமும் காலையில் உடம்பில் பன்னிரண்டு இடத்தில் பன்னிரண்டு பெயர் சொல்லித் திருமண் இட்டுக்கொள்கிற குடும்பம். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்தேன். கேசவா என்று முதல் மூடியின் நட்டநடுவில் ஒரு பெரிய பொட்டு, மேலே குங்குமம். நாராயணா என்று அடுத்தது. மாதவா, கோவிந்தா என்று லக்ஷணாவும் கூடவே சொன்னாள். தாமோதரனில் முடிந்தது. பார்க்க அத்தனை அழகாக இருந்தது. அலமாரியைச் சாத்தினேன்.

மறுநாள் காலை பத்தரை மணிக்குப் பூஜைக்கு எல்லாம் தயார். பண்டிகை என்பதால் கரண்ட் போகவே இல்லை. வானத்தில் மேகமும் இல்லை, பேட்டரிகள் விடாமல் நிரம்பிக்கொண்டிருந்தன. பொரி கடலை வாங்கிக்கொள்ள அம்சாவை வரச்சொல்லலாம் என்று அவள் செல்போனுக்கு அடித்தேன். வேலை செய்தவர்களுக்குப் பூஜையன்று வெற்றிலை பாக்கோடு கொடுப்பது எங்கள் வழக்கம்.

"உன் பேட்டரிக்கெல்லாம் என்ன அலங்காரம் பண்ணியிருக்கேன் தெரியுமா? பன்னெண்டு மூடிக்கும் பன்னெண்டு சந்தனப் பொட்டு" என்றேன்.



"எங்க வெச்சிங்க சார்? மூடிக்கு நடுவுலயா?"

"நடுவுலதான். பின்னே ஓரத்துலயா வெப்பா?"

"சார், மொதல்ல அத்தத் தொடைங்க சார். இப்பவே தொடச்சிட்டு…"

பூஜைக்கு வைத்த சந்தனத்தைத் துடைக்கச் சொல்கிறாள். அதுவும் அதட்டலாக. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "எதை எப்போ தொடைக்கணும்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மறுபடி அடித்தது. அம்ருதவல்லி எடுக்கப் போனாள்.

"எடுக்காதே. பூஜை வேளை."

"அந்தப் பொண்ணா இருக்கும். ஏதாவது அவசரமோ என்னமோ."

"அவளுக்கு நான் பதில் சொல்லிண்டு இருக்கணுமா?"

மூன்று தடவை முழுசாக அடித்து ஓய்ந்தது. மூன்று தடவையும் நான் வாய்விட்டு ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த அரை மணி நேரத்தில் தன் பக்கம் நடந்ததை அம்சா எனக்குப் பிற்பாடு சொன்னாள். அவளுடைய மொபெட்டைக் கழுவி, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். சாவி சாமி படத்துக்கு முன்னால், ஸ்பேனர்களோடு. பூஜையில் வைத்ததை மறுநாள் புனர்பூஜை செய்யாமல் எடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் மட்டும் உள்ள வழக்கம் இல்லையே. அவள் தயங்கி நின்றிருக்கிறாள். காசிநாதன் கேட்டானாம்.

"அந்த வூட்ல யாராரு கீறாங்க?"

"சாரு, அம்மா. ஊர்லேந்து பேத்திப் பொண்ணு வந்துக்கீது."

"சாவிய எடு" என்றானாம் அவன்.

எலுமிச்சம்பழத்தை ஏற்றி நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது. வழியெல்லாம் ஒவ்வொரு கடை வாசலிலும் வண்டிகளை நிறுத்திப் பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஓரிடத்தில் பூசணிச் சதையில் சக்கரம் வழுக்கி விழுந்தாள். முழங்கால் கிழிந்தது. எழுந்து வந்தாள். சந்துக் கதவைத் தட்டினாள். பண்டிகை நாள் என்று அதை உள்ளே தாழ் போட்டிருந்தோம்.

அந்தத் தட்டல் எங்கள் காதில் விழவில்லை, மணி அடித்துக்கொண்டிருந்தோம். பெருமாளுக்குக் கற்பூரம் காட்டியாயிற்று, புத்தகங்களுக்குக் காட்டியாயிற்று. கூடத்தில் லேசாக அழுகிய முட்டை மாதிரி ஒரு நாற்றம் வந்தது. முனிசிபாலிட்டிச் சாக்கடையைத் திட்டினேன். கடைசியாகப் பேட்டரிக்குக் காட்ட வேண்டும்.

"நான் காட்டறேன் தாத்தா. நான்தானே கூட இருந்து பொட்டு வெச்சேன்" என்றாள் லக்ஷணா.

நியாயமாகத்தான் பட்டது. புதுசாக ஒரு கட்டி கற்பூரம் போட்டுக் கொளுத்தித் தட்டை அவள் கையில் கொடுத்தேன். பாவாடை தடுக்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவள் அலமாரியை நோக்கி நடந்தாள். கதவைத் திறந்துவிட நான் கை நீட்டினேன்.

வாசல் கதவு படாரென்று சுவரில் மோதியது. ரேழியில் ஓடிவரும் செருப்புச் சத்தம். திரும்புவதற்குள் அம்சா கூடத்தின் நடுவில் இருந்தாள். லக்ஷணாவின் கையிலிருந்த தட்டின்மேல், எரிகிற கற்பூரத்தின்மேல், உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். ஜ்வாலை அணைந்தது. தட்டைப் பிடுங்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடி, தண்ணீர் அண்டாவுக்குள் அப்படியே போட்டாள்.

எங்கள் கண்ணுக்கு என்ன தெரிந்தது? சாமிக்குக் காட்டுகிற கற்பூரத்தை ஒருத்தி கையால் அணைத்தாள். செருப்புக்காலோடு. சேலையெல்லாம் சேறும் பூசணி விதையும். முழங்காலில் ரத்தம். அம்ருதவல்லி "ஐயோ பெருமாளே" என்று காதைப் பொத்திக்கொண்டாள். குழந்தை பயத்தில் அழுதாள். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை எழுதாமல் விட்டால் இவ்வளவு எழுதியும் பிரயோஜனம் இல்லை.

"யாராத்துன்னு நெனச்சுண்டு உள்ளே வந்தே? வெளியே போ. போடி வெளியே!"

அவள் போகவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"திட்டுங்க சார், அப்பறம் திட்டுங்க. மூடியில ஓட்ட இருக்குது சார். நடுவுல. கேஸ் வெளிய போற ஓட்ட. அத்தத்தான் நீங்க அடச்சிக்கீறீங்க."

கேஸ் என்ற சொல் என் காதில் விழுந்தது. கரும்பலகை முழுக்க என் கையெழுத்தில் அந்த ஒரு வாக்கியம் கண்ணுக்கு முன்னால் வந்தது. எரியும் குச்சி. என் பேத்தியின் முகம் சரியாக அந்த மூடிகளின் உயரத்தில் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் வீட்டில் உத்தரவு போட்டவள் அவள்தான். "வெளக்கெல்லாம் வெளிய எடுத்துக்கினு போங்கமா. பாப்பாவக் கூட்டிக்கினு தெருவுக்குப் போயிடுங்க. சுவிச்சு எதுவும் தொடாதீங்க. சார், வாசல்ல மெயினை எறக்குங்க. மாடிக்குப் போயி பேனலு மேல கனமா எதுனா போத்துங்க, வெயிலு படக் கூடாது." நான் ஜமக்காளத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். ஊருக்கெல்லாம் காட்டிப் பெருமையடித்த பேனல்களின்மேல் அதை விரித்து மூடினேன். வீட்டிலிருந்த ஜன்னல், கதவு எல்லாவற்றையும் அவள் திறந்தாள். அலமாரிக் கதவைக் கொஞ்சங்கொஞ்சமாக, மரத்தோடு மரம் உரசாமல் திறந்தாள். கால் மணி நேரம் எல்லோரும் தெருவில் நின்றோம். அக்கம்பக்கத்தார் என்ன என்ன என்று கேட்டார்கள். 

அப்புறம் அவள் மட்டும் உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போனேன். வராதீங்க என்றாள், நான் கேட்கவில்லை. பெட்டிகளின் பக்கவாட்டுகள் தொப்பை மாதிரி வீங்கியிருந்தன. ஒரு மூடி தானாகவே எகிறி அலமாரியின் மூலையில் கிடந்தது. எண்ணிப் பார்த்தேன், ஏழாவது, த்ரிவிக்ரமன் பெயர் சொல்லி வைத்தது. ஈரத்துணியால் மற்றவற்றின் காய்ந்த சந்தனத்தை அவள் ஊறவைத்து ஊறவைத்து எடுத்தாள். ஓட்டை திறக்கும்போதெல்லாம் உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. கேசவா. உஸ். நாராயணா. உஸ். நான் வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன். ஒன்று பாக்கியில்லாமல் பதினொன்றும் சீறின.

வேலை முடிந்ததும் அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். "ரெண்டும் போயிடுச்சி சார். இனிமே இத்த வெச்சிக்காதீங்க. வேற வெக்கும்போது கதவு இல்லாம வெய்ங்க" என்று சொல்லிவிட்டு, வந்த வாசல் வழியாகவே போனாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது என்று எழுதலாம். உண்மை அதுவல்ல, எனக்கு வெட்கமாக இருந்தது, வெட்கப்படுவதும் பிடிக்கவில்லை.

"அந்த ஆன்ட்டி கை சுட்டுடுத்து தாத்தா. உள்ளங்கை பூரா செவப்பா இருந்தது" என்றாள் லக்ஷணா. அவள் ஒருத்திதான் அதைப் பார்த்திருந்தாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பொரி கடலையும் வெற்றிலையும் சுட்ட புண்ணுக்கு மருந்தும் வாங்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். செவிலிமேட்டுக் காலனிக்குள் நான் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை. வீட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டதும் சின்னப் பிள்ளைகள் முன்னால் ஓடின. வாசலில் நைந்த மாலையோடு மொபெட் நின்றது. காசிநாதன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். நான் யார் என்று சொன்னதும் சட்டென்று எழுந்து, இருந்த இடத்தைத் தன் துண்டால் துடைத்தான்.

"ஒக்காருங்க சார். அம்சா, சாரு வந்துக்கீறாரு பாரு. டீ போடு." அவன் முகமெல்லாம் சிரிப்பு. "அவ சொன்னா சார். சரியான நேரத்துக்குப் போனாளாம். நீங்களே வாசக் கதவத் தொறந்து, உள்ள வாம்மான்னு முன்வாசலாண்டயே கூப்டிங்களாமே. அம்மா தண்ணி குடுத்தாங்களாம். பூஜ நாளுன்னுகூடப் பாக்காம. பெரிய மனசு சார் ஒங்களுக்கு. நான் அந்த வீதில சின்ன வயசுல மூட்ட தூக்கிக்கினு போயிருக்கேன், எனக்குத் தெரியும்."

அம்சா உள்ளே அடுப்படியில், எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தாள். கையில் மஞ்சளைக் குழைத்துப் பூசியிருந்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். தலையை லேசாக ஆட்டினாள். சொல்லாதே என்றுதான் அந்த ஆட்டலுக்கு அர்த்தம், அது எனக்குப் புரிந்தது.

புரிந்தும் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. வாத்தியார் புத்தி. தப்பைத் திருத்தாவிட்டால் தூக்கம் வராது, அதனால் யாருக்கு வலிக்கும் என்று யோசிக்கவும் தெரியாது.

"இல்லப்பா" என்றேன். "நான் கூப்பிடல. அவதான் கதவைத் தள்ளிண்டு வந்தா. போன்ல சொன்னதையும் நான் கேக்கல. உள்ளே வந்தவளை, வெளியே போடின்னு கத்தினேன்."

அடுப்படியில் டம்ளர் ஒன்று விழுந்தது.

"இத்த எதுக்கு சார் இப்போ சொல்றீங்க?" அம்சாவின் குரல் உடைந்திருந்தது. என் வீட்டில் அத்தனை கத்தலுக்கும் அழாதவள் இப்போது அழுதாள். "காலைலேந்து அவரு சிரிச்சிக்கினே இருந்தாரு சார். பதினோரு வருஷத்துக்கு அப்பறம். அத்தக்கூட வுட மாட்டீங்களா?"

எனக்கு எழுந்து போய்விட வேண்டும்போல இருந்தது. காசிநாதன் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. அது போவதை நான் உட்கார்ந்து பார்த்தேன். அவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.  பக்கத்து வீட்டில் பூசணிக்காய் உடைக்கிற சத்தம் கேட்டது.

"சார்" என்றான் கடைசியில்.

"சொல்லுப்பா."

"பாப்பாவுக்குக் கண்ணு நல்லா இருக்குதா சார்?"

"இருக்குப்பா" என்றேன். "நன்னா இருக்கு."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு, டீயை எடுத்து வரச் சொல்லி அம்சாவைக் கூப்பிட்டான்.